சந்தையில் ஊசி தீட்டியது

எட்டாம் வகுப்போடு என் ஊரான அகரத்தை விட்டுக் கிளம்பியவன் நான். ஒட்டன்சத்திரத்தில் தக்காளிக் கூடை ஏற்றினேன். பழனியில் ஓட்டலில் இலை எடுத்தேன். தொண்ணூறுகளின் நடுவில், இருபத்திரண்டு வயதில், நெய்க்காரப்பட்டிப் பக்கத்துச் சந்தைகளில் ஊசி போடும் ஒருவரிடம் சேர்ந்தேன். அவர் டாக்டருக்குப் படித்தவர் இல்லை. ஏதோ ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர். காய்ச்சல், அசதி, இடுப்புவலி, எதுவானாலும் ஊசிதான்.

என் வேலை ஊசி தீட்டுவது. முனை மழுங்கினால் சாணைக்கல் துண்டில் தேய்த்து, என் விரல்நுனியில் குத்திப் பார்ப்பேன். காலையில் ஒரு தடவை கொதிக்க வைப்போம். அப்புறம் நாள் முழுக்க வெந்நீரில் போட்டுப் போட்டு எடுப்பதுதான். கொதிநீரில் எடுத்தால் விரல் வெந்துவிடும், வரிசையும் நீளும். அதனால் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவி வைத்திருப்பேன். கூராக இருந்தால் சுத்தமாக இருக்கிறது என்றே நினைத்தேன்.

இரண்டு வருஷத்தில் அதுவும் அலுத்து லாரிக்குப் போனேன். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, திண்டுக்கல்லில் ஒரு டாக்டரம்மாவின் ஜீப்பை ஓட்டினேன். காமாலைக் கிருமி ஊருக்குள் எந்த வழியாகப் பரவுகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. வீடு வீடாக அவர் கேள்வி கேட்பார், நர்ஸ் ரத்தம் எடுப்பார், நான் ஐஸ் பெட்டி தூக்குவேன்.

அவர் தேடியது பி வகைக் கிருமி. அது தண்ணீரில் வராது, ரத்தம் வழியாக வரும், பல வருஷம் சத்தமில்லாமல் இருந்து கல்லீரலைத் தின்னும் என்று ஒருநாள் நர்ஸிடம் சொல்லிக்கொண்டு வந்தார். ஸ்டீயரிங்கில் இருந்த என் விரல்நுனிகளைப் பார்த்தேன். அதற்கப்புறம் சந்தை வரிசையில் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்ற முகங்கள், வண்டி ஓட்டும்போதெல்லாம் வர ஆரம்பித்தன.

கீரனூரில் ஒரு வீடு. புருஷன் வயிறு வீங்கிச் செத்து மூன்று மாதம். அந்த அம்மாவின் ரத்தத்திலும் கிருமி இருந்தது.

"ஊசியெல்லாம் எங்கம்மா போட்டுக்குவீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"முன்னயெல்லாம் சந்தையிலதானுங்க. நானும் அவரும் ஒண்ணாப் போயிப் போட்டுக்குவோம்." சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, உங்கள எங்கியோ பாத்திருக்கறனே?"

"டிரைவர் மூஞ்சி எல்லாருக்கும் பாத்த மாதிரிதான்க்கா இருக்கும்" என்றேன். நர்ஸ் சிரித்துவிட்டார்.

திரும்பும் வழியில் டாக்டரம்மா சொன்னார்: "எல்லாரும் சந்தைங்கிறாங்க. ஊசி போட்டவரு செத்துட்டாராம். எந்தெந்தச் சந்தைன்னு தெரிஞ்சா, போட்டுக்கிட்டவங்களத் தேடலாம். இன்னும் வயிறு வீங்காதவங்க இருப்பாங்கள்ல. அவங்களையாவது பிடிக்கணும்."

கண்மாய்க் கரையோரம் வண்டியை நிறுத்தினேன். "எனக்குத் தெரியும் டாக்டரம்மா. ஊசி தீட்டுனது நாந்தான்."

அவர் திட்டவில்லை. நோட்டை எடுத்தார். "ஒரு ஊசி எத்தன பேருக்கு?"

"மழுங்குற வரைக்கும்."

அதை அப்படியே எழுதிக்கொண்டார். நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அந்த நர்ஸே என் கையைப் பிடித்து ரத்தம் எடுத்தார்.

கிருமி எனக்குள் வந்துவிட்டுப் போயிருந்தது என்று முடிவு வந்தது. "எனக்கு மட்டும் எப்படிப் போச்சு?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பெரியவங்க நெறையப் பேருக்கு அதுவாப் போயிரும் தம்பி. போகாதவங்களத்தான் தேடுறோம்" என்றார்.

நான் சொன்ன நாலு சந்தைகளிலும் ரத்தம் எடுக்க மேசை போட்டோம். இரண்டாவது சந்தையில் ஒரு வெங்காயக்காரர் நேராக என்னிடம் வந்து கையை நீட்டினார்.

"அட, நம்ம ஊசிக்காரத் தம்பி! நீங்களே குத்துங்க. அந்த நர்சுப் புள்ள வேண்டாமுங்க."

"நான் தொடக் கூடாதுங்க. நான் தீட்டுன ஊசியாலதான் இந்தப் பரிசோதனையே."

"கேளுங்க இவரு பேச்சை" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். நான் தன்னடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து அவருடைய பரிசோதனை முடிவுத் தாளை நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கிருமி இருந்தது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைக்கச் சொன்னேன், எல்லாருக்கும் ரத்தம் பார்க்க வேண்டியிருந்தது. அவரோ உள்ளே திரும்பி, தம்பிக்குக் காப்பி போடச் சொல்லிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.