இரண்டாவது டெங்கும் பக்கத்துக் கட்டிலும்

2004ஆம் ஆண்டு. இலங்கையில் தெஹியோவிட்டப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் றப்பர் பால் நிறுக்கும் வேலையில் இருந்தேன். மழை விட்டதும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஏழெட்டுப் பேர் டெங்குக் காய்ச்சலில் விழுந்தார்கள். ஆஸ்பத்திரியில் துணைக்கு நிற்க ஆள் தேடியபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனவன் நான்தான். எனக்கு இரண்டு வருடங்களுக்கு முன்பே டெங்கு வந்து போயிருந்தது. அம்மை போட்டவனுக்கு மறுபடி அம்மை வராதே, அந்தத் தைரியம். மனைவி கொடுத்த கொசுவலையைக்கூட அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் அதே வார்டில் நானும் படுத்துவிட்டேன்.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. வீட்டுக்குப் போகலாமா என்று டாக்டரிடம் சிங்களத்தில் கேட்டேன். இது எனக்குப் பழகிய வியாதி என்று பெருமையும் அடித்தேன். அவர் சிரிக்கவில்லை. டெங்கில் நாலு வகை உண்டாம். முதல் தடவை உடம்பு செய்துவைத்த எதிர்ப்புப் பொருள், வேறு வகைக் கிருமி வந்தால் அதைப் பிடிக்குமாம், ஆனால் அடக்காதாம். பிடித்த கிருமியை இரத்தத்தின் காவல் அணுக்களுக்குள்ளேயே கொண்டுபோய் விட்டுவிடுமாம். கிருமி அங்கே பெருக, அணுக்கள் மிரண்டு ஊரைக் கூட்ட, இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கலாமாம். காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தாம். காவற்காரரே கள்ளனைப் பிடித்து றப்பர் ஸ்டோருக்குள் விட்ட கதை.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போவதற்குள் நான் பாதி செத்துவிட்டேன். குடிக்கும் ஒவ்வொரு கப்பையும், போகும் சிறுநீரையும் அளந்து தாளில் எழுத வேண்டும். எனக்கோ எழுதுகிற நினைப்பே இல்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்கள பஸ் கண்டக்டர், அவருக்கும் டெங்குதான். என் மனைவிக்குச் சொல்ல வேண்டிய கடைசி வார்த்தைகளை அவரிடம் ஒப்படைக்க ஆரம்பித்தேன். பிள்ளைகளின் படிப்பில் தொடங்கி, தைக்கக் கொடுத்த சட்டை வரை வந்துவிட்டேன். அவர் இளநீர்க் கப்பை நீட்டினார்.

"மல்லி, முதல்ல இது குடிங்க. சாவுறது நாளைக்கிப் பாப்போம்."

மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. அடுத்த இரண்டு நாளும் என் தாளை அந்த அண்ணன்தான் எழுதினார். நான் கண்ணை மூடினால்கூடத் தட்டி எழுப்பிக் குடிக்க வைத்தார்.

அதற்கு மறுநாள் டாக்டர் என் தாளைப் பார்த்துவிட்டு, இனிப் பயமில்லை என்றார். அடுத்துக் கண்டக்டரின் தாளை எடுத்தவர் திட்டத் தொடங்கினார். அதில் பாதிக் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. இந்த மல்லியின் புலம்பலில் தன்னுடையது மறந்துபோனதாக அவர் தலையைச் சொறிந்தார்.

அவரும் நல்லபடியாகவே வீடு திரும்பினார். பெயரைக் கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை. பிறகு பல காலம் அவிசாவளை பஸ்களில் ஏறும்போதெல்லாம் டிக்கெட் வாங்கும் முன் கண்டக்டரின் முகத்தைத்தான் பார்த்தேன். பயந்தவனுக்குத் துணையாக இருப்பதற்கு நாம் சுகமாக இருக்க வேண்டும் என்றில்லை என்பதை, தானும் காய்ச்சலில் கிடந்த அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் உணர்கிறேன்.