ஸ்ட்ராபெர்ரி சிரப்பும் இடமில்லாத பாயிண்டரும்

வீட்டில் புகை வருகிறது என்று கத்துபவனின் வாயைப் பொத்திவிட்டு, அப்பாடா அமைதி என்று படுத்துக்கொள்கிற முட்டாள் நான். தொண்ணூறுகளின் நடுவில், தொம்மலூரில் ஒரு மாடியில் இருந்த சின்ன மென்பொருள் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டே இதைச் செய்தேன்.

பிரேசர் டவுனில் மருந்து மொத்த வியாபாரம் செய்த ஒரு பாய்க்கு, சி மொழியில் ஸ்டாக் ப்ரோகிராம் எழுதும் பொறுப்பு என்னுடையது. பாய் பார்த்துத் தலையாட்டினால் உனக்கு வேலை நிரந்தரம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அவர் தங்கவயல்காரர், அதிகம் பேசமாட்டார். ஆட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவில்லை. சொந்த ஊருக்குத் திரும்ப ஆம்பூர் பஸ் எத்தனை மணிக்கு என்று நானே விசாரித்து வைத்திருந்தேன்.

ஒரு மருந்தின் பெயர், விலை, இருப்பு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் அது ஸ்ட்ரக்சர். அந்த மூட்டை மெமரியில் எங்கே இருக்கிறது என்று காட்டுவது பாயிண்டர். முதலில் இடம் கேட்டு வாங்கி, அதன் முகவரியைப் பாயிண்டரில் வைக்க வேண்டும். நான் பாயிண்டரை அறிவித்ததோடு சரி. வாடகைக்கு வீடு பார்க்காமலே லாரியில் சாமான் ஏற்றி அனுப்பியவன் மாதிரி மருந்துகளை அனுப்பினேன். அவை காலிப் பாயிண்டர் காட்டிய பூஜ்யம் என்ற முகவரிக்குப் போய், ப்ரோகிராம் தன் சொந்தச் சாமான்களை வைத்திருந்த இடத்திலேயே இறங்கின.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களை ஓட்டிய டாஸ் பரம சாது, எதையும் தடுக்காது. ப்ரோகிராம்தான் முடியும்போது ‘நல் பாயிண்டர் அசைன்மென்ட்’, அதாவது இடமில்லாத பாயிண்டரில் எழுதியிருக்கிறாய் என்று ஒரு வரி முனகும். யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடுமே. ஆகவே ப்ரோகிராமை ஓட்ட ஒரு பேட்ச் ஃபைல் எழுதி, முடிந்ததும் திரையைத் துடைக்கும் கட்டளையையும் அதில் சேர்த்துவிட்டேன். முனகல் மறைந்தது. ஏபிசி, எக்ஸ்ஒய்இசட் என்று மூன்றெழுத்து மருந்துகளாகவே போட்டுச் சோதித்தேன். சின்னப் பெயர்கள் பக்கத்தில் எதன் மேலும் வழியவில்லை, அருமையாக ஓடியது.

பாய் வந்தார். திரையின் உச்சியில் தன் கடைப் பெயரைப் பார்த்துப் பூரித்துப்போனார். நானே அடிக்கிறேன் என்று உட்கார்ந்து, குழந்தைகளுக்கான இருமல் சிரப்பின் பெயரை ஸ்ட்ராபெர்ரி ஃபிளேவர் வரைக்கும் ஓரெழுத்து விடாமல் அடித்தார். அடுத்த திரை வந்தது. கடைப் பெயர் இருந்த இடத்தில் ‘பெர்ரி ஃபிளேவர்’ என்று இருந்தது.

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“எங்க அத்தா வச்ச பேரு இது இல்லையே தம்பி.”

டெமோவுக்காக இனிப்பாக ஒரு பெயர் என்று நான் சமாளித்தேன். மேலாளர் சிரிக்கவில்லை. என்னை நகரச் சொல்லிவிட்டு, பேட்ச் ஃபைலைத் தொடாமல் ப்ரோகிராமை நேராக ஓட்டி முடித்தார். நான் ஒளித்து வைத்த வரி பளிச்சென்று வந்து நின்றது.

“எவ்ளோ நாளா வருது இது?”

“ஆரம்பத்துலேர்ந்தே சார்.”

பாயை டீ குடிக்க அழைத்துப்போகச் சொல்லி ஆளனுப்பிவிட்டு, இடம் வாங்குகிற அந்த ஒரு வரியை என்னையே எழுத வைத்தார். பாய் திரும்பி வந்து அதே சிரப்பை மறுபடி அடித்தார். கடைப் பெயர் அசையவில்லை. நன்றாகவே தலையாட்டிவிட்டு, ஸ்கூட்டரில் ஏறிப் போனார்.

எனக்குக் கால் தரையில் படவில்லை. மேலாளரின் மேசைக்குப் போய் நின்றேன்.

“ப்ரோகிராம் சரியாயிடுச்சு சார். என் கன்ஃபர்மேஷன் லெட்டர்?”

“ப்ரோகிராம்தானேப்பா சரியாச்சு.”