ஐந்து பத்துக்கு மறைந்த சூரியன்

ரத்தினபாய் அக்கா அந்தமானுக்குப் போகவே இல்லை என்று எங்கள் அலுவலகம் எழுதி முத்திரை குத்திவிட்டது. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கப்பலேறிப் போய்வந்த மனுஷியைப் போகவில்லை என்று சொல்ல எத்தனை பேர் சேர்ந்தார்கள் தெரியுமா? ஒருத்தர் விடாமல் சொல்கிறேன்.

தாம்பரத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகம். அக்கா மூத்த கிளார்க், நான் ஸ்டெனோ. எங்கள் இரண்டு பேர் மேஜைக்கும் நடுவில் ஓர் இரும்பு பீரோதான். அக்காவுக்குப் பீர்க்கன்கரணையில் வீடு. அவருக்கு இருபது வயதாகும்போது அப்பா இறந்துவிட்டார். அன்றிலிருந்து டைப் அடித்து இரண்டு தம்பிகளைப் படிக்கவைத்து, இருவருக்கும் கல்யாணமும் செய்துவைத்தார். அக்காவுக்கு யார் செய்துவைப்பது என்ற கேள்வியை அந்த வீட்டில் வசதியாக மறந்துவிட்டார்கள். பெரிய தம்பி ஜெபராஜின் கல்யாண ஆல்பத்தைப் பார்த்திருக்கிறேன். நூறு படத்துக்கு மேல் இருக்கும். அக்கா ஒன்றில்கூட இல்லை. கேட்டால், "பந்தியில ஆள் பத்தல யூனிஸ், அங்க நின்னுட்டேன்" என்றார்.

எங்களுக்கு நான்கு வருஷத்துக்கு ஒருமுறை எல்.டி.சி. என்கிற பயணச் சலுகை உண்டு. நாட்டின் எந்த மூலைக்கும் போய்வரலாம், டிக்கெட் அரசாங்கத்தின் பொறுப்பு. எங்கள் ஆபீசில் முக்கால்வாசிப் பேர் எங்கும் போக மாட்டார்கள். ஏஜெண்டைப் பிடித்து டிக்கெட்டை மட்டும் வாங்கிக் காட்டிவிட்டு, பதினைந்து நாள் லீவில் வீட்டுக்கு வெள்ளையடித்து, மத்தியானம் தூங்கி, உடம்பு ஒரு சுற்றுப் பெருத்துத் திரும்பி வருவார்கள். "அந்தமான் எப்படி?" என்றால் "சூப்பர்" என்பார்கள்.

1990 ஜனவரியில் அக்கா நிஜமாகவே போனார். நாற்பது வயதில், தனியாக, மூன்று நாள் கப்பலில். தம்பிகள் குதித்தார்கள். அக்கா காதிலேயே வாங்கவில்லை. ஜெபராஜின் கேமராவையும் ஒரே ஒரு கலர் ரோலையும் எடுத்துக்கொண்டார். துறைமுகத்துக்குப் போக, தாம்பரம் ஸ்டேஷனில் பீச் ஸ்டேஷன் ரயிலில் அவரை ஏற்றிவிட்டதே நான்தான்.

திரும்பி வந்தபோது முகம் வெயிலில் கறுத்து, மூக்குத் தோல் உரிந்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில் படங்களைப் பரப்பினார். முப்பத்தாறு படம். முப்பத்தாறும் வானம். ஒன்றில் அடிவானம் பழுத்த பப்பாளி நிறம், அதற்கு மேலே இளம்பச்சை, அதற்கும் மேலே இன்னதென்று சொல்லத் தெரியாத ஓர் ஊதா. ஒன்றில் தூரத்து மழை மட்டும் கடல்மேல் நின்றுகொண்டிருந்தது, இந்தப் பக்கம் சுள்ளென்று வெயில். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் இடம், தேதி, மணி எல்லாம் குண்டு குண்டான கையெழுத்தில் இருந்தன.

"ஆளே இல்லையே மேடம்? முழு ரோலும் வேஸ்ட்" என்றார் பக்கத்து சீட் தனசிங்.

"எதுக்கு அக்கா எல்லாமே வானம்?" என்று நானும் கேட்டேன்.

"அங்க வானம் தலைக்கு மேல இல்லடி. காலடியில இருந்து ஆரம்பிக்குது. நம்ம ஊர்ல கரண்டு கம்பிக்கும் மொட்டை மாடிக்கும் நடுவுல ஒரு துண்டு பாக்கறோம். அதுதான் வானம்னு இத்தனை நாளா நெனச்சுட்டு இருந்திருக்கேன். ஊருக்கு வந்து வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கன்னு தோணுச்சு. அதான் எடுத்தேன்."

"நீங்க ஒண்ணுல நின்னிருக்கலாமே?"

"யார் எடுப்பா? முன்னபின்ன தெரியாத ஆம்பளை கையில கேமராவைக் குடுத்துட்டு இளிக்கச் சொல்றியா?"

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வானத்தை யாரும் அழகுக்காக மட்டும் படம் எடுப்பதில்லை. அழகை அங்கேயே நின்று பார்த்துவிடலாமே. கூட வராதவர்கள் நம்ப வேண்டும் என்றுதான் எடுக்கிறார்கள்.

ஏப்ரலில் கேசவன் என்று புது அதிகாரி வந்தார். வந்ததும் ஒரு சுற்றறிக்கை விட்டார். போலிப் பயணங்கள் பெருகிவிட்டனவாம், டிக்கெட்டை மட்டும் நம்ப முடியாதாம். இரண்டு வருஷத்துக்குள் பயணம் போனவர்கள் எல்லாரும், போன இடத்தில் முகம் தெரிய எடுத்த புகைப்படத்தைக் கொடுக்க வேண்டும்.

ஒரு நாள் ஆபீசே கதிகலங்கியது. மறுநாள் மாலை அக்காவைத் தவிர எல்லாரும் வேதாசலத்தின் போட்டோ ஸ்டூடியோவில் நின்றார்கள்.

"இன்னாமா, அந்தமானா ஊட்டியா? ரெண்டு ஸ்கிரீனும் ரெடியா கீது" என்றார் வேதாசலம்.

அந்தமான் படுதாவில் ஆரஞ்சு வானம், இரண்டு தென்னை, காக்கா சைஸில் ஒரு கடல் பறவை. கிழிந்த இடத்தில் போட்ட ஒட்டு மேகம் மாதிரித் தெரியட்டும் என்று வெள்ளை பூசியிருந்தார். பதினோரு பேர் அதன்முன் நின்றோம். நின்றோம் என்றுதான் சொல்கிறேன். முந்தின வருஷம் நானும் அந்தமானுக்குப் "போயிருந்தேன்". கூலிங் கிளாஸ் தனசிங் கொடுத்தார்.

பதினோரு படமும் பாஸ். எனக்குப் பயணம் உறுதி செய்யப்பட்டது என்று எழுதிக் கையெழுத்தும் ஆனது. அக்காவின் வானம் மட்டும் ஃபெயில். போலிப் பயணம் என்று அவருக்கு மெமோ வந்தது.

கப்பல் ஆபீசுக்கு எழுதிக் கேளுங்கள், பயணிகள் பட்டியலில் என் பெயர் இருக்கும் என்று அக்கா மனு கொடுத்தார். ஒரு கடுதாசி எழுத எத்தனை நிமிஷம் ஆகும்? யாரும் எழுதவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் பீரோவுக்கு இந்தப் பக்கம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சம்பளத்துல வெட்டினா வெட்டிட்டுப் போறாங்க யூனிஸ். ஜெபராஜ் பொண்டாட்டி கேக்கறா, போகலைன்னா பதினஞ்சு நாள் எங்க இருந்தீங்கன்னு. அவன் பக்கத்துலயே நிக்கறான். வாயைத் திறக்கல."

ஆயுசு முழுக்க உழைத்துப்போட்ட அக்காவைப் பார்த்து என்ன கேள்வி அது! அவன் படிப்பு, அவன் வேலை, அவன் கையில் கட்டியிருந்த வாட்ச்கூட அவர் வாங்கிக் கொடுத்தது.

விசாரணையில் குறிப்பெடுக்க என்னை உட்காரவைத்தார்கள். கேசவன் முப்பத்தாறு படங்களையும் மேஜைமேல் பரப்பினார்.

"இதுல நீங்க எங்கம்மா இருக்கீங்க?"

"எடுத்ததே நான்தான் சார். எடுக்கறவ எப்படிப் படத்துல இருப்பா?"

அவர் ஒரு படத்தைத் திருப்பிப் பின்னால் எழுதியிருந்ததைப் படித்தார். "நீல் தீவு, பதினேழு ஒண்ணு தொண்ணூறு, மாலை ஐந்து பத்து. சூரியன் மறைந்தது." சிரித்துவிட்டார். "அஞ்சு பத்துக்கா? அந்த நேரத்துல இங்க என் ரூம் ஜன்னல்ல வெயில் கண்ணைக் கூசுது. பொய் எழுதினாலும் பொருந்த எழுத வேண்டாமா?"

"சார், அது கிழக்கே ரொம்பத் தள்ளி இருக்கு. கடிகாரம் மட்டும்தான் நம்மது. அங்க சீக்கிரம் விடிஞ்சு சீக்கிரம் இருட்டிரும்."

கேசவன் என் பக்கம் திரும்பினார். "யூனிஸ், நீங்க போயிட்டு வந்தவங்கதானே? அங்க எத்தனை மணிக்கு இருட்டுச்சு?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் போகவில்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் கண்ணில் கெஞ்சல் இல்லை. ஒரு சின்ன நிம்மதிதான் இருந்தது. நம்ம யூனிஸ்தானே, ஆமாம் சார் என்று சொல்லிவிடுவாள் என்கிற நிம்மதி. சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. ஆனால் ஐந்து பத்து நிஜமா என்று எனக்குத் தெரியாது. ஆமாம் என்று சொல்லி அது தப்பாக இருந்தால் என் குட்டும் அங்கேயே உடைந்துவிடும்.

"நம்ம ஊர் மாதிரிதான் சார். ஆறு, ஆறேகால்" என்றேன். சொன்னதை நானே சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டேன்.

பிறகு கேசவனே இறங்கி வந்தார். "பாருங்கம்மா, உங்களைத் தண்டிக்கணும்னு எனக்கு ஆசை இல்ல. மத்தவங்க மாதிரி முகம் தெரியற படம் ஒண்ணு கொண்டாந்து குடுங்க. ஃபைலை மூடிடலாம்." மாதிரிக்கு என்று ஒரு படத்தை எடுத்து நீட்டினார். கூலிங் கிளாஸுடன் அதில் நான் நின்றிருந்தேன்.

அக்கா அதை நிதானமாகப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். "இந்தப் படுதா வேதாசலம் ஸ்டூடியோவுல இருக்கு சார். நிஜமா போயிட்டு வந்த நான், அதுக்கு முன்னாடி நின்னு போனேன்னு சொல்ல மாட்டேன்."

கேசவனுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் கேட்காத மாதிரிப் பேனாவை மூடினார். இதைக் குறித்துக்கொள் என்றும் என்னிடம் சொல்லவில்லை. நானும் குறித்துக்கொள்ளவில்லை. போலியைப் பிடிக்க வந்த மனுஷன் பதினோரு போலியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு நிஜத்தைப் பிடித்தார்.

வராந்தாவில் அக்காவின் பின்னால் ஓடினேன். அவர் நின்றார். திட்டியிருந்தால் தேவலை.

"நம்ம ஊர் மாதிரிதான்னா, அவ்வளவு தூரம் எதுக்குடி போறது?" என்றார். அதோடு என்னிடம் பேச்சு நின்றது.

உத்தரவு வந்தது. பயணம் மேற்கொள்ளப்படவில்லை. ஒரு வருஷ இன்கிரிமெண்ட் ரத்து. அக்கா, ஜெபராஜ் குடும்பத்தோடு இருந்த பீர்க்கன்கரணை வீட்டை விட்டு வெளியேறி, பெருங்களத்தூரில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டார். ஜெபராஜ் தடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அடுத்த வருஷம் என் மகனின் பூகோளப் புத்தகத்தைத் தற்செயலாகப் புரட்டினேன். கிழக்கே போகப் போகச் சூரியன் முன்னால் உதித்து முன்னால் மறையும் என்று படம் போட்டு விளக்கியிருந்தது. ஒரு பிள்ளைக்குத் தெரிந்த விஷயம் ஓர் ஆபீசுக்கே தெரியவில்லை. தெரிந்துகொண்ட பிறகாவது நான் போய்ச் சொன்னேனா? சொல்லவில்லை. கேசவன் மாற்றலாகிப் போனார், பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன், அப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது.

1997-ல் அக்கா விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தார். அதற்குள் நான் சூப்பிரண்டு ஆகியிருந்தேன். பென்ஷனுக்கு அனுப்புமுன் பணிப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டியது என் வேலை. அந்த உத்தரவு இருந்த பக்கம் வந்தது. அரசாங்கக் கணக்கில் அந்தமான் வானத்தைப் பார்த்தவள் நான், பார்க்காதவர் ரத்தினபாய். மேஜைக்கு எதிரே அக்கா உட்கார்ந்து, என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கத்தின் கீழே 'சரிபார்த்தேன்' என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன்.