ஒரு படம் குறைகிறது

இது நடந்தது. கதை கட்ட எனக்கு வராது. எனக்குத் தெரிந்தது கம்ப்யூட்டர் வேலை மட்டும்தான். இதில் வரும் நேரங்களைக்கூட நினைவிலிருந்து சொல்லவில்லை. வேலை நோட்டில் குறித்து வைத்ததைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நள்ளிரவு, கல்லறைத் தோட்டம், நாய் ஊளை எதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம். விளக்கெல்லாம் எரிகிற அறை. விறகடுப்பின் மேல் கெட்டில். அப்படியிருந்தும் இன்றுவரை அந்த அறையில் என்னால் தனியாக உட்கார முடியவில்லை.

என் பெயர் யஸ்னா. அச்சாவ் ஊரின் சின்ன வானொலி நிலையத்தில் வேலை. எங்கள் தீவில் யாருக்குக் கல்யாணம், எந்தப் படகு கவிழ்ந்தது என்பதெல்லாம் இந்த நிலையத்தின் இணையதளத்தில்தான் படமாக வரும். அந்தத் தளத்துக்கு வயதாகிவிட்டது. அதிலிருந்த 11,204 படங்களையும் புதிய தளத்துக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய சர்வரை ஜூன் மாதக் கடைசி வெள்ளி, மாலை 6 மணிக்கு நிறுத்திவிடுவார்கள். அதற்குள் வராத படம் போனது போனதுதான்.

புதிய தளத்தில் ஒரு கெடுபிடி உண்டு. ஒவ்வொரு படத்தின் கீழேயும் ஒரு பெட்டி இருக்கும். படத்தில் என்ன இருக்கிறது என்று அதில் எழுதினால்தான் படத்தைச் சேமிக்க முடியும். பார்வை இல்லாதவர்களுக்கு அவர்களுடைய போன் அதை வாசித்துக் காட்டும்.

"நம்ம ஊர்ல யாரு அண்ணே இதையெல்லாம் கேக்கப்போறாங்க?" என்று நிலையத்தை நடத்தும் நிபால்தோவிடம் புலம்பினேன்.

"ஒருத்தங்க இருக்காங்க. நாளைக்கே உனக்குப் போன் வரும் பாரு."

வந்தது. தோன்யா ஒத்திலியா. வயதில் மூத்த பெண்களை எங்கள் ஊரில் மரியாதையாகத் தோன்யா என்போம். சர்க்கரை வியாதியில் கண் போய் ஆறு வருடம் ஆகிறது அவருக்கு.

"யஸ்னா, என் புள்ள படம் வந்துச்சா கண்ணு?"

அவருடைய மகன் ரோசமெல், கடலுக்கு அடியில் மூழ்கி மட்டி எடுப்பவன். 2011 ஆகஸ்டில் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு இறங்கினான். காற்றுக் குழாய் மட்டும் மேலே வந்தது. உடல் கிடைக்கவே இல்லை. அந்த நாளில் துறையில் எடுத்த படம் ஒன்று எங்கள் தளத்தில் இருக்கிறது, மஞ்சள் மழைக்கோட்டோடு அவன் நிற்கிறான் என்று யாரோ அப்போதே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"அப்போ கண்ணு இருந்துச்சு, பாக்கத்தான் தைரியம் இல்ல" என்றார். "அன்னைக்கு விடியக்காலையில சண்டை. கடலு சரியில்ல, போகாதடான்னேன். எங்க கேட்டான்? போயிட்டு வரேம்மான்னான். நான் முதுகக் காட்டிக்கிட்டு நின்னேன். இப்போ நீ எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவன் மொகம் கோவமா இருக்கா, இல்லையா?"

சொல்கிறேன் என்றேன். அதை ஏன் அவ்வளவு எளிதாகச் சொன்னேனோ.

ஐந்து மாதம் வேலை செய்தேன். எல்லாம் முடிந்தது என்று எண்ணிப் பார்த்தால் 11,203. ஒரு படம் குறைந்தது. மாற்றும் வேலையை மறுபடி ஓட்டினேன். 11,203. தினமும் அதே கணக்கு. தினமும் அதே போன்.

வெள்ளி மாலை 4:52. அந்த ஒன்று எதுவென்று கடைசியில் பிடித்துவிட்டேன். அதன் பெயர் 'மன்யானா'. எங்கள் மொழியில் காலை என்று அர்த்தம். நடுவில் இருக்கும் ஓர் எழுத்தின் தலைமேல் நெளிவாக ஒரு கோடு வரும். புதிய தளத்துக்கு அந்தக் கோடு தொண்டையில் இறங்கவில்லை. பெயரை மாற்றினேன். 5:31க்குப் படம் வந்து சேர்ந்தது.

முழுதாக வரவில்லை.

மேலே கொஞ்சம் வானம். ஒரு விளக்குக் கம்பம். மஞ்சள் தொப்பியின் நுனி. அதற்குக் கீழே எல்லாம் வெறும் சாம்பல் நிறம். பழைய தளத்தில் போய்ப் பார்த்தேன். அங்கே படம் நகம் அளவுதான் இருந்தது. அதில் முகம் ஒரு புள்ளி.

5:40. போன்.

"வந்துச்சா?"

"வந்துருச்சு தோன்யா. எழுதிக்கிட்டு இருக்கேன்."

"மெதுவா எழுது கண்ணு. நான் எங்கயும் போகல."

போனை வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். பொய்தான். ஆனால் யாருக்கு நஷ்டம்? பெட்டியில் எழுதினேன்: மஞ்சள் மழைக்கோட்டு போட்ட இளைஞன். சிரிக்கிறான்.

5:44. சேமித்தேன்.

பக்கம் ஒரு முறை மின்னித் திரும்ப வந்தது. பெட்டியில் இருந்தது இது: மஞ்சள் மழைக்கோட்டு போட்ட இளைஞன். சிரிக்கவில்லை.

கை தவறிவிட்டது என்று நினைத்தேன். அழித்தேன். சிரிக்கிறான் என்று நிதானமாக, எழுத்தெழுத்தாக அடித்தேன். சேமித்தேன்.

சிரிக்கவில்லை.

நிபால்தோவின் குறும்போ? அவர் பக்கத்து அறையில் நேரலையில் இருந்தார். கண்ணாடி வழியாகத் தெரிந்தார். அவருடைய இரண்டு கையிலும் காகிதம்.

5:49. கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. சட்டென்று அடங்கிவிட்டது. அடுப்பில் தணல் இருந்தது...

அறையில் கடல் வாடை. துறையில் அடிக்கும் வாடை இல்லை. அடியில், பாசிக்கு நடுவில் இருக்கும் வாடை.

டக்.

விசைப்பலகையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்.

டக்... டக்...

கூரையைப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

நான் கையை மடியில் வைத்திருந்தேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். மடியில்தான் வைத்திருந்தேன்.

பெட்டியில் எழுத்துகள் வந்தன. ஒவ்வொன்றாக. மெதுவாக.

நனைந்திருக்கிறான்.

கையில் நீலத் துணி மூட்டை.

கோபம் இல்லை.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு எழுத்தும் வரவில்லை.

5:58. சேமி என்பதை அழுத்தினேன்.

6:00. பழைய தளம் அணைந்தது. கெட்டில் மறுபடி கொதிக்கத் தொடங்கியது.

6:10க்கு தோன்யா ஒத்திலியாவைக் கூப்பிட்டேன். அவருடைய இன்னொரு போன் அந்த வரிகளை வாசித்தது. அந்த இயந்திரக் குரல் எனக்கும் கேட்டது. வாசித்து முடிந்ததும் அவர் கேட்டார்.

"மூட்டையா?"

"ஆமா தோன்யா. நீலத் துணி."

"மில்காவோ சுட்டுக் கட்டி வச்சிருந்தேன். உருளக்கெழங்கு நானே சீவினது. வீம்புக்கு விட்டுட்டுப் போயிட்டான்னுல்ல இத்தன வருசமா நெனச்சேன். மத்தியானம்கூட அது மேஜையில இருந்த மாதிரி ஞாபகம். ராத்திரி வந்து பாத்தா காணோம். என் புத்திதான் பெசகியிருக்கு. எடுத்துட்டுத்தான் போயிருக்கான்." அவர் அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். "பசியோட சாகல என் புள்ள. கோவமும் இல்ல. நீ நல்லா இருப்ப கண்ணு." பிறகு, வைப்பதற்கு முன், "ஏன் நனஞ்சிருக்கான்? அன்னைக்கு ஒரு சொட்டு மழை இல்லையே" என்றார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். அப்போது அது உண்மைதான்.

மூன்று வாரம் கழித்து, அந்தப் படத்தை எடுத்த எலியாஸரைத் தேடிப் பிடித்தேன். தெற்கே புந்தா அரேனாஸில் மகளோடு இருக்கிறார். மூலப் படம் அவரிடம் இருந்தது. அவர் அதை அனுப்புவதற்கு முன் போனில் கேட்டேன்.

"காலையில அவன் கெளம்பறப்ப எடுத்தீங்களா?"

"காலையிலயா? யாரு சொன்னா?"

"படத்துக்கு மன்யானான்னு பேரு வச்சிருக்கீங்களே."

"அட, அது நாளைக்குப் போடறதுக்குன்னு வச்ச பேரும்மா."

எங்கள் மொழியில் காலைக்கும் நாளைக்கும் ஒரே சொல்தான். அது ஒருவருக்கும் தோன்றவில்லை.

படம் வந்தது. மாலை 4:40க்கு எடுத்தது. கேமராக் கடிகாரம் தப்பாக ஓடியிருக்கலாம் என்றார் நிபால்தோ. ஆனால் படத்தில் கடற்படையின் தேடும் படகு இருக்கிறது. கயிறு வீசுகிறார்கள். துறை முழுக்கச் சனம். அவனைத் தேடுவதைப் பார்க்க வந்த சனம்.

அந்தக் கூட்டத்தில் அவனும் நிற்கிறான். மஞ்சள் மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கையில் நீலத் துணி மூட்டை. சிரிக்கவில்லை. கோபமும் இல்லை.

அவன் கடலைப் பார்க்கவில்லை. தனக்கு மூன்றடி முன்னால் நிற்கும் ஒரு பெண்ணையே பார்க்கிறான்.

அவரிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். படத்தில் தோன்யா ஒத்திலியா கடலைப் பார்த்தபடி, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.