எதிரே நிற்பவரின் வலது

குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கச் சொன்னேன். மண்டபத்தில் இருந்த இருபது பெண்களும் நின்றார்கள். என்னால் நிற்க முடியவில்லை.

மலேசியாவில், ஈப்போ நகரின் ஓரத்தில், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வாரம் மூன்று மாலை உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். பன்னிரண்டு வருடத்தில் கால் என் பேச்சைக் கேட்காமல் போனது அன்றுதான். வயிற்றுப்போக்கு வந்து போன உடம்பு, அந்தச் சோர்வு என்று நினைத்தேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்பவள், பாதம் மரத்துப்போனதை நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் குளியலறையில் விழுந்தவளை என் கணவர் குணாதான் தூக்கி வந்து காரில் போட்டார்.

மருத்துவர் முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டினார். கால் துள்ளவில்லை. முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்துவிட்டு, கில்லன்-பாரே (உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்கும் நோய்) என்றார்.

"கால்ல தொடங்கி மேல ஏறும். மூச்சு வரைக்கும் போகலாம். நெறைய பேரு திரும்பி வந்துருவாங்க. ஆனா மெதுவாத்தான்."

அவர் சொன்னபடியே ஏறியது. இம்யூனோகுளோபுலின் (பிறர் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் மருந்து) ஏறிக்கொண்டிருக்கும்போதே இடுப்பு போனது, பிறகு கைகள். மூன்றாம் நாள் வெண்டிலேட்டர் (செயற்கைச் சுவாசக் கருவி). வாயில் குழாய் இருந்ததால் பேச்சில்லை. முக நரம்புகளும் செயலிழந்ததால் இமையைக்கூட மிஸ்ஸிதான் (தாதி) மூடிவிட வேண்டும். மிஞ்சியது கண்மணிகளின் அசைவு மட்டும்.

நினைவு முழுதாக இருந்தது. இந்த நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: அசையாத கால் வலிக்காது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு வலித்தது. ஈரத் துணியை முறுக்கிப் பிழிவதுபோல் தொடையிலிருந்து பாதம்வரை வலித்தது.

குணா கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பவர். எதற்கும் ஒரு வழி கண்டுபிடிப்பார். கட்டிலின் கால்மாட்டில் என்னைப் பார்த்தபடி நின்று சொன்னார்.

"ஆமான்னா ரைட்டு பக்கம் பாரு. இல்லன்னா லெஃப்டு. சரியா?"

மிஸ்ஸி அதைத் தாளில் எழுதித் தலைமாட்டில் ஒட்டினார்.

"கால் வலிக்குதா?"

ஆமாம் என்று கண்ணைத் திருப்பினேன்.

"வலிக்கலையாம்" என்றார் மிஸ்ஸியிடம், அப்பாடா என்று.

இரண்டு நாள் இதே கதைதான். போர்வை வேண்டாம் என்றால் இன்னொன்று போர்த்தினார்கள். நான் இன்னும் ஓரமாக, இன்னும் அழுத்தமாகப் பார்த்தேன். அவர்களுக்கு இன்னும் உறுதியானது. நான் சொல்வது புரிந்தும் அலட்சியம் செய்கிறார்கள் என்றே நம்பினேன். பதினெட்டு வருடம் கூட வாழ்ந்த மனிதரை அந்த இரண்டு நாளும் மனதார வெறுத்தேன்.

வகுப்பில் எட்டு எண்ணினால் ஓர் அசைவு முடிந்துவிடும். அங்கேயும் எட்டு எட்டாக எண்ணினேன். எதுவும் முடியவில்லை.

"கிளாஸ் அக்காங்க பாக்கணும்ங்கிறாங்க. வரட்டுமா?" என்றார் குணா.

வாயில் குழாயும் பரட்டைத் தலையுமாக யாருக்கு முகம் காட்டுவது? வேண்டவே வேண்டாம் என்று பார்த்தேன். மறுநாள் லெட்சுமி அக்கா வந்து நின்றார். ஒன்பது வருடமாக முதல் வரிசையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர்.

அவர் முன்னால் குணா மறுபடியும் வலியைப் பற்றிக் கேட்டார். நான் பதில் சொன்னேன்.

"வலி இல்லையாம்க்கா."

"கண்ணுல தண்ணி ஊத்துது, இல்லைங்கிறியே தம்பி!"

லெட்சுமி அக்கா குணாவைத் தள்ளிவிட்டுக் கால்மாட்டுக்கு வந்தார். வகுப்பில் நிற்பதுபோலவே எனக்கு நேர் எதிரே நின்றார்.

"டீச்சர், ரைட்டு!"

என் கண்கள் இடது பக்கம் போயின.

"அலாமாக் (ஐயையோ)! டீச்சருக்கு ரைட்டுன்னா நம்ம ரைட்டு லா! நம்மளப் பாத்து நிக்கிறப்ப ரைட்டுன்னு சொல்லிட்டு அவங்க லெஃப்டத்தான் தூக்குவாங்க. எப்பவும் அப்படித்தானே!"

உண்மைதான். எதிரே நிற்பவர்கள் குழம்பக் கூடாது என்று, கண்ணாடிப் பிம்பம்போல் மாற்றிச் செய்வது எங்கள் தொழில் பழக்கம். மருத்துவமனையில் வலது என்றால் நோயாளியின் வலது. எனக்கோ எதிரே நிற்பவரின் வலதுதான் வலது. நோய் பூட்டிய அறைக்கு உள்ளேயிருந்து நானே தாழ்ப்பாளும் போட்டிருக்கிறேன்.

குணா கிட்டே வந்தார். "ரெண்டு நாளா வலிக்குது வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தியா?"

ஆமாம் என்று பார்த்தேன். அவர் மிஸ்ஸியைத் தேடி ஓடினார். அரை மணி நேரத்தில் வலி மருந்து வந்தது.

இது நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. மூச்சு திரும்ப ஐந்து வாரம், கட்டைவிரல் அசைய ஒன்பது வாரம். இன்றும் இடது பாதம் தரையைப் பாதிதான் உணர்கிறது. படுக்கையறையிலிருந்து சமையலறைக்கு நான்கு எட்டுகள், அதாவது முப்பத்திரண்டு அடி. முன்பு அதை எண்ணியதே இல்லை. வகுப்பை நாற்காலியில் உட்கார்ந்து நடத்துகிறேன். லெட்சுமி அக்கா செய்துகாட்டுகிறார், பாதி தப்பாக.

மாலையில் நரம்பு இழுக்கும். வேலை முடிந்து வந்ததும் குணா கேட்பார். இப்போது எனக்கு வாய் இருக்கிறது, சொல்லிவிட முடியும். ஆனாலும் அவர் எதிரே நின்று கேட்பதில்லை. பக்கத்தில் வந்து, நான் பார்க்கும் திசையையே பார்த்து உட்கார்ந்து, அதற்குப் பிறகுதான் "வலிக்குதா?" என்கிறார்.