விலகு அண்ணன்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இந்த மெக்கானிக்குக்குப் பல் போய்த்தான் ஒரு சொல்லே வந்தது. தொழில் பழகிய புதிதில், காரின் முன்சக்கரத்து ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடித்துக் கழற்றும்போது அது நழுவி, தாடையில் அடித்து, முன்பற்களைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து ஸ்பிரிங்கில் கை வைத்தால், ஸ்பேனரைத் திருப்பும்போதெல்லாம் "விலகு" என்று கத்துவார். பட்டறையில் ஆளே இல்லாவிட்டாலும் கத்துவார். ஒருமுறை பூனைக்குக்கூடக் கத்தினார். கடைசியில் விலகு அண்ணன் என்பதே அவர் பெயராகிவிட்டது.

ஊருக்கெல்லாம் கத்தியவர், தங்கை விஷயத்தில் மட்டும் வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தார். அவளுக்கு வாய்த்தவன் கைநீட்டுகிறவன். கல்யாணமான முதல் வருடமே காது சவ்வு கிழிந்து வந்தாள். "கொஞ்சம் பொறுத்துப் போம்மா, போகப் போகச் சரியாயிடும்," என்றார். பிறகு மணிக்கட்டு உடைந்து வந்தாள். அதற்கும் அதையே சொன்னார். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதைச் சொன்னவன் ஒருநாளும் அடி வாங்கியிருக்க மாட்டான்.

அந்த மாப்பிள்ளைக்குக் கார் என்றால் உயிர். வளைவில் வேகமாகத் திருப்பினால் வண்டி ஒரு பக்கம் சாய்கிறதாம். குட்டையான, விறைப்பான ஸ்பிரிங் போட்டால் ரோட்டோடு ஒட்டி ஓடுமாம். ஒரு மத்தியானம் புது ஸ்பிரிங்குகளோடு மனைவியையும் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். வெயில் கொளுத்தியது. தங்கை கழுத்துவரை பட்டன் போட்ட முழுக்கைச் சட்டையில் இருந்தாள். அண்ணன் பார்த்தார். பார்த்துவிட்டு ஜாக்கியை எடுக்கப் போனார்.

சக்கரத்தைக் கழற்றி, பழைய ஸ்பிரிங்கை ஷாக் அப்சார்பரோடு இறக்கி, மேசையில் பொருத்தியிருந்த இரும்புப் பிடியில் மாட்டினார். இரண்டு பக்கமும் கொக்கி போட்டு ஸ்பிரிங்கை நசுக்கத் தொடங்கினார். ஒரு கொக்கியின் நுனி தேய்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்று அதையும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"விலகு," என்றார். தங்கை சுவரோரம் ஒதுங்கினாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் மச்சான்?" என்றான் மாப்பிள்ளை.

"அவசரப்படாதீங்க மாப்பிள்ளை. இது கோபக்கார சாமான்," என்று சொல்லிக்கொண்டே மேல் நட்டைக் கழற்றினார்.

"வளைவுல கொஞ்சம் மெதுவா போனா இதெல்லாம் தேவையே இல்ல," என்றாள் தங்கை மெல்ல.

அறை விழுந்தது. அவள் தலை அலமாரியில் மோதி, போல்ட் டப்பாக்கள் கொட்டின. உதடு கிழிந்து சட்டைக் கழுத்தில் ரத்தம் இறங்கியது. அவன் ஒன்றுமே நடக்காதது போல வந்து, ஸ்பிரிங்கின் நுனிக்கு நேராகக் குனிந்து எட்டிப் பார்த்தான்.

அப்போதுதான் தேய்ந்த கொக்கி கம்பியை விட்டு நழுவுவது அண்ணன் கண்ணில் பட்டது. சும்மா இருந்தால் போதும். அந்த மண்டை சிதறிவிடும், தங்கை பிழைத்துக்கொள்வாள். அப்படி ஓர் ஆசை வந்தது, மறைப்பானேன், வந்தது.

"விலகு," என்று வாய் கத்திவிட்டது.

அவன் பக்கவாட்டில் விழுந்தான். ஸ்பிரிங் வெடித்துக் கிளம்பி, அவன் முகம் இருந்த இடத்தைக் கடந்து, தகரக் கதவைப் பொத்துக்கொண்டு தெருவில் போய் விழுந்தது.

உயிர் தப்பியவன் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். பெண்டாட்டி முன்னால் மண்ணைக் கவ்வியதுதான் அவனுக்குப் பெரிதாகப் பட்டது. "என்னடி பார்க்குற?" என்று எழுந்து, அவள் முடியைப் பிடித்து இழுத்து வயிற்றில் உதைத்தான். மறுபடி காலைத் தூக்கியபோது அண்ணன் இரும்புக் குழாயால் முழங்காலில் போட்டார். எலும்பு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது. இன்னொன்று தோளில் விழுந்தது. அடுத்த அடிக்கு ஓங்கும்போது தெருக்காரர்கள் ஓடிவந்து குழாயைப் பிடுங்கினார்கள். ஊளையிட்டவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பட்டறை அடங்கியது. தங்கை ஒரு டயர்மேல் உட்கார்ந்து உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"இனிமே அந்த வீட்டுக்கு நீ போக வேணாம்மா."

அவள் தண்ணீரை வாங்கவில்லை.

"அவனுக்கு எதுக்குண்ணே கத்துன?"

"பழக்கம்மா. யார் நேரா நின்னாலும் வாய் தானா கத்திடுது."

அவள் கதவில் விழுந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு வருஷமா அவனுக்கு நேரா நான்தானே நின்னேன்," என்றாள். "எனக்கு ஒரு தடவைகூட நீ கத்தலையே."