ஷிஃப்டு மாத்திரை

எங்கள் அறையில் அதற்கு ஷிஃப்டு மாத்திரை என்றுதான் பெயர். உண்மையான பெயர் யாருக்கும் தெரியாது. மெடிக்கல் ஷாப்காரர் சீட்டு எதுவும் கேட்காமல், வேண்டிய அளவுக்கு அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்பார். வெட்டிய துண்டில் பெயர் பாதி இருக்கும், தேதி இருக்கவே இருக்காது. உடம்பு வலிக்கு ஆரஞ்சு, காய்ச்சலுக்கு வெள்ளை, சளிக்கு மஞ்சள். எல்லாம் ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பாவில் கிடக்கும். சோப்பைக்கூடப் பூட்டி வைத்துக்கொள்கிற நாங்கள் மாத்திரை விஷயத்தில் மட்டும் பெரிய தர்மப் பிரபுக்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வல்லம் வடகாலில் ஒரு வீட்டின் மாடியில் நாங்கள் சில பெண்கள் வாடகைக்கு இருந்தோம். எல்லோருக்கும் ஒரே கம்பெனியில், ஒரே லைனில் வேலை. நான் காஞ்சிபுரம் பக்கத்துக்காரி. எனக்குப் பக்கத்துப் பாயில் படுப்பவள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள், என்னைவிட ரொம்பச் சின்னவள். அவளுக்கு அப்பா இல்லை, ஊரில் அம்மா மட்டும் தனியாக இருந்தார். காண்ட்ராக்ட் போய் வேலை நிரந்தரமாக வேண்டும், தனியாக வீடு பார்த்து அம்மாவை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். அவள் எந்தப் பேச்சை ஆரம்பித்தாலும் இதில்தான் வந்து முடிப்பாள்.

லைனில் ஷிஃப்டு முழுக்க நின்றபடிதான் வேலை. பாத்ரூம் போக வேண்டுமென்றால் நம் இடத்தில் நிற்க மாற்று ஆள் வர வேண்டும். லைன் முழுவதற்கும் ஒரே ஒரு மாற்று ஆள். கையைத் தூக்கிவிட்டு அவள் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் சூப்பர்வைசர் நம்மைப் பார்ப்பார் பாருங்கள், போக வேண்டும் என்ற எண்ணமே போய்விடும். அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டோம். புதிதாகச் சேருகிற பெண்களுக்கும் நாங்களே அதைச் சொல்லிக்கொடுப்போம். கால் கடுப்பு, இடுப்பு வலி எல்லாவற்றுக்கும் ஆரஞ்சு இருந்தது. கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது வெறும் வயிற்றில் டீயோடு ஒன்று. நாங்கள் வலித்தால் போட்டோம். அவள் தினமும் போட்டாள்.

"இன்னாடி, மிட்டாய் மாதிரி முழுங்கினு கீற? வலி வந்தா போடு. வர்றதுக்கு முன்னாடியே போடுவாங்களா யாராவது?"

"வந்தப்புறம் போட்டா லைன்ல நிக்க முடியாதுக்கா. ஒண்ணும் செய்யாது, சும்மா கெடங்க."

"ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கிப் போய்க் காட்டேன்டி."

"லீவு போட்டா பேர வெட்டிருவாவ. பெர்மனென்ட் ஆகட்டும், அப்புறம் ஆற அமரக் காட்டுதேன்."

சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் என் கோபமெல்லாம் எடுபடாது.

அந்தக் கோடையில் அவளுக்குக் காய்ச்சலும் சளியும் சேர்ந்து வந்தன. வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு மூன்றையும் விழுங்கிவிட்டு ஓடி ஓடி வேலைக்குப் போனாள். காய்ச்சல் விட்டது. ஆனால் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல் என்றாள். முகம் உப்பியிருந்தது. ஓவர்டைம் பார்த்துத் தூங்காமல் இருப்பதால் என்று நினைத்தோம். ஒரு நாள் காலையில் அவள் செருப்பு காலில் நுழையவில்லை. என் செருப்பைக் கொடுத்தேன், அதுவும் நுழையவில்லை. டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு அவளை ஆட்டோவில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் என்ன மாத்திரை போட்டாய் என்று டாக்டர் அம்மா கேட்டதற்கு அவள் "ஆரஞ்சு" என்றாள். டப்பாவை நீட்டினேன். அவர் மேஜையில் கொட்டி, ஒவ்வொரு துண்டாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. வெள்ளையிலும் மஞ்சளிலும் ஒரே காய்ச்சல் மருந்துதான் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது என்றார்.

"வலி மாத்திரையே போடக் கூடாதுன்னு சொல்லலம்மா. சாப்பிட்டுட்டு, தண்ணி குடிச்சு, ஒரு நாள் ரெண்டு நாள் போடலாம். அப்புறமும் வலிச்சா வந்து காட்டணும். தண்ணியே குடிக்காத உடம்புல மாசக்கணக்கா போட்டா கிட்னி எப்படித் தாங்கும்?"

தாங்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் கிட்னி இரண்டுமே கெட்டுப்போயிருந்தது தெரிந்தது. ஏற்கனவே ஏதாவது குறை இருந்திருக்கலாம், இனி அதைச் சொல்ல முடியாது என்றார்கள். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார்மேலும் கோபம் வந்தது. கத்தரிக்கோல்காரர்மேல், சூப்பர்வைசர்மேல், ஊசி குத்திய கையோடு "நாளைக்கு ஷிஃப்டுக்குப் போயிரலாமாக்கா?" என்று கேட்ட அவள்மேலும். வராந்தாவில் போய் நின்று அழுதேன்.

அவள் அம்மா வந்து ஊருக்குக் கூட்டிப் போனார். அங்கே டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். மாற்று கிட்னி கிடைத்தால் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர்கள் சொன்னதும், அம்மா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லையாம். தன்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ரத்த வகையும் பொருந்திவிட்டது. நான் லைன் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது அம்மா எடுத்தார். மகள் உள்ளே படுத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்கிட்ட எடுக்க முடியாதுன்னுட்டாவம்மா. எனக்கும் கெட்டுப்போயிருக்காம்."

"உங்களுக்கு எப்படிம்மா?"

"முட்டு வலிக்கு மாத்திர போட்டேம்லா, அதுதானாம். ஆரஞ்சு கலர்ல இருக்கும். பொங்கலுக்கும் தீவாளிக்கும் வாரப்பல்லாம் அவதான் கை நெறையக் கொண்டாந்து தருவா. நல்லாக் கேக்கும்மா, போட்டுப் பாருன்னு."

அவர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"அவகிட்ட சொல்லிராத தாயி. எனக்கு வயசாயிட்டு, அதான் எடுக்கலன்னு சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா தாங்க மாட்டா."

சொல்ல மாட்டேன் என்றேன். அதற்குள் அவள் எழுந்து வந்து போனை வாங்கிக்கொண்டாள். மூச்சு வாங்கியது, ஆனாலும் சிரித்தாள்.

"யக்கா, எங்கம்மாவுக்கு வயசாயிட்டாம்லா, கேட்டீயளா? எங்க தெருவுலயே கல்லு மாதிரி இருக்கது எங்கம்மாதான். அடுத்த வாரம் போறப்ப டாக்டர்ட்ட நானே கேக்கப்போறேன், அப்படி என்ன வயசாயிட்டுன்னு."

"கேக்காதடி. விடு."

"ஏன்க்கா?" என்றாள்.

சொல்ல என்னிடம் பொய்கூட இல்லை. அவள் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.